கறுப்பு வெள்ளையில் ஒரு பேனர்

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில்தான் நான் எழுதுகிறவன் ஆனேன். திண்டிவனம் கோர்ட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை. அப்போது பைபாஸ் ஓரத்தில் ஒரு பரோட்டாக் கடையில் மாவு பிசையும் வேலையில் இருந்தேன். முதலாளி ஆதார் நகல் கேட்டிருந்தார். போன நேரம் கரண்ட் போய்விட்டது. கடையில் நாலைந்து பேர் காத்திருந்தோம். எனக்குச் சும்மா நிற்க வராது. நாக்பூர்ப் பக்கம் லாரி கிளீனராக இருந்தபோது டிரைவர் என்னை டீசல் பங்கில் மறந்துவிட்டுப் போனதையும், நான் அந்த லாரியைத் தேடி வேறு வேறு லாரிகளில் ஏறிப் போய், கடைசியில் ஒரு வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியதையும் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. யாரும் மெஷின் பக்கம் போகவில்லை.

“மீதியையும் சொல்லிட்டுப் போங்க,” என்றார் கடைக்கார அம்மா.

சொல்லி முடித்தேன்.

“இத அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?”

“நான் ஏழாவதுதாங்க மேடம். அதுவும் பாதியில நின்னுட்டேன்.”

“எழுத்து தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப போதும். ரெண்டாவது ஞாயித்துக்கிழம வாங்க. எங்க சங்கத்துல கூடுவோம். மத்தியானச் சாப்பாடு உண்டு.”

சாப்பாடு உண்டு என்பதால் போனேன். பரோட்டாக் கடை சாயங்காலம்தான் திறக்கும். அதுவரை வயிறு என் பொறுப்பு.

சங்கம் என்று வாயில் சொல்வோமே தவிர, பதிவு செய்திருப்பது அறக்கட்டளை என்றுதான். விழுப்புரத்தில் ஒரு அறை உண்டு. அது முழுக்கப் புத்தக அலமாரி. கூட்டம் ஒரு மாதம் அங்கே, அடுத்த மாதம் திண்டிவனத்தில். ஜெராக்ஸ் கடை மேடம்தான் செயலாளர். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர், பேனர் அடிக்கும் கடையில் வேலை செய்துகொண்டு கவிதை எழுதும் பையன் ஒருவன், இன்னும் சில ஆசிரியர்கள், கரும்பு போட்டிருக்கும் விவசாயிகள். எங்கள் பக்கத்து ஆட்களை எழுத வைப்பது, எழுதியதைக் கேட்பது, தேறியதைப் புத்தகமாகப் போடுவது, இவ்வளவுதான் வேலை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்துகிறார்கள்.

அங்கே எழுதியவன் தன் எழுத்தைத் தானே வாசிக்கக் கூடாது. வேறொருவர் வாசிப்பார். எழுதியவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். வாசித்து முடித்ததும் யாரும் நன்று, நன்றில்லை என்று சொல்வதில்லை. மனதில் தங்கிய ஓர் இடத்தை மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். எதுவும் தங்கவில்லை என்றால் “எனக்கு ஒண்ணும் நிக்கல” என்று சொல்லிவிட வேண்டும்.

என்னுடையதை நர்ஸம்மா வாசித்தார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “டாக்டருங்க எழுத்தையே படிக்கிறேன், இது இன்னா,” என்றார். நான் சிரிப்பார்கள் என்று எழுதிய இடத்தில் கூட்டம் அமைதியாக இருந்தது. ஒன்றுமில்லை என்று எழுதிய இடத்தில் சிரித்தார்கள். முடிந்ததும் கண்டக்டர் சொன்னார், “சாக்கு மேல படுத்து எழுந்தா காதுல வெங்காயத் தோலு ஒட்டிக்கினு இருக்கும்னு போட்டிருக்கீங்க பாருங்க. எனக்கு அது நின்னுச்சு.”

நான் பட்டது இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அது எனக்கு நடந்தது போலவே இல்லை. யாருக்கோ நடந்த கதையாக, கேட்கச் சுகமாக இருந்தது. அன்றைக்கு எலுமிச்சம் சாதமும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை அவித்தும் போட்டார்கள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன் பிறகும் நான் ஒரே இடத்தில் இருக்கவில்லை. திருப்பூர் போனேன், கேரளாவில் அன்னாசித் தோட்டத்துக்குப் போனேன், ஒலக்கூர்ப் பக்கம் கரும்பு வெட்டினேன். சில மாதம் தலைகாட்ட மாட்டேன். திரும்பி வந்தால் எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. “எழுதினீங்களா?” என்பார் மேடம். கையில் இருக்கும் தாள்களைக் கொடுப்பேன். கடை சாத்திய பிறகு அவரே உட்கார்ந்து டைப் அடித்து வைப்பார். இப்படியே சில வருடம் போனது. ஒருநாள் அந்தத் தாள் கட்டை எடுத்துக் காட்டி, புத்தகமாகப் போடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது என்றார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. சங்கத்தில் புத்தகம் வெளியிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மண்டபம், ஓட்டல் எதுவும் கிடையாது. எழுதியவர் பிறந்த ஊரில், தெருவில் சாமியானா போட்டுத்தான் வெளியிடுவார்கள். முதல் பிரதியை எழுதியவர் வீட்டு ஆள் ஒருவர் வாங்க வேண்டும். வாங்கி, அதில் ஒரு பக்கத்தை அங்கேயே வாசிக்க வேண்டும். மாலை, பொன்னாடை கிடையாது.

“உங்க ஊரு கிளியனூர்ப் பக்கம்தான? அங்க உங்க மனுஷங்க யாரு?” என்று மேடம் கேட்டார்.

“ஊருல யாரும் இல்லைங்க. அம்மா போயிடுச்சு. வீடு மழையில உழுந்துடுச்சு. அக்கா ஒருத்தி, அனந்தபுரத்துல கட்டிக் குடுத்தது. பேச்சு கெடையாது.”

பேச்சு இல்லாமல் போன கதை சின்னதுதான். அம்மா இறந்தபோது நான் கேரளாவில் இருந்தேன். போன் திருட்டுப் போய், கையில் வேறு போன் இல்லை. எனக்கு எங்கே, யாரிடம் சொல்லி அனுப்புவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா அம்மாவை எடுக்க விடாமல் சாயங்காலம் வரை எனக்காகக் காத்திருந்தாளாம். நான் விஷயம் தெரிந்து ஊருக்கு வந்தபோது மாதங்கள் ஓடியிருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் சொன்னார்கள், “ஒங்கக்கா அம்மாவோட சேத்து ஒன்னையும் பொதச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது.” அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கல்லறைப் பக்கம் கூடப் போகவில்லை.

“நீங்களே நேர்ல போய்க் கூப்பிடுங்க,” என்றார் மேடம்.

போனேன். அனந்தபுரத்தில் சந்தை நாள். அக்கா முருங்கைக்காய்க்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. நான் வாழைத்தார் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனாள். அழைப்பிதழ் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

“குடுக்கலைங்க,” என்று மேடத்திடம் சொன்னேன்.

அவர் அழைப்பிதழை வாங்கி மேசையில் வைத்தார். “சரி. முன்வரிசையில ஒரு நாற்காலிய காலியா போட்டு வெப்போம். வராங்களோ இல்லியோ, நாற்காலி இருக்கட்டும்.”

காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை விடப் பேசாமல் சூரத்துக்கு ரயில் ஏறிவிடலாம் என்று ஒரு யோசனை கூட வந்தது. பேனர் அடிக்கும் பையன்தான் விடவில்லை. படம் எடுக்க வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டு சுற்றினான்.

என்னிடம் என் படம் ஒன்றும் இல்லை. ஒரு சுவர் ஓரம் நிற்க வைத்து அவன் போனிலேயே எடுத்தான். தாடியும் நானுமாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கறுப்பு வெள்ளை ஆக்கினான்.

“கலருல போட்டா கட்சி பேனர் மாதிரி ஆயிடும்ண்ணே. இலக்கியம்னா கறுப்பு வெள்ளதான்.”

ஆள் உயரத்துக்கு என் முகம். அதன் கீழே பெரிய எழுத்தில் என் பெயர். அதற்குக் கீழே என் புத்தகத்திலிருந்தே ஒரு வரி: ‘எந்த ஊரிலும் நான் தங்கியதில்லை; போகும்போது யாரிடமும் சொல்லிக்கொண்டதுமில்லை.’ அதற்கும் கீழே ஞாயிறு காலை பத்து மணி, மாதா கோயில் எதிரில். நூல் வெளியீடு என்பதும் புத்தகத்தின் பெயரும் அடி ஓரத்தில் மெலிந்த சாம்பல் எழுத்தில் இருந்தன. கிட்டப் போனால் தெரியும். சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டான். எல்லோரும் கைகூப்பினார்கள், பூங்கொத்து அனுப்பினார்கள். நானும் பார்த்தேன். எனக்கும் பிடித்திருந்தது. எல்லோரும் கவிதை படிக்கிறவர்கள். ஒரு பேனரை ஊர் எப்படிப் படிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பையன் போய் என் ஊர்த் திருப்பத்தில், டீக்கடைக்கு எதிரே பேனரைக் கட்டினான். சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் சொல்லிவிட்டு வந்துவிட்டான். கோயில் முன்னால் இடத்துக்கு மேடம் பங்குச் சாமியாரிடம் போனில் அனுமதி வாங்கியிருந்தார். சாமியார் இருப்பது வேறு ஊரில். எங்கள் தெருவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பேனர் சொல்லும் என்று இருந்துவிட்டோம்.

பேனர் சொல்லத்தான் சொன்னது. அன்று சாயங்காலம் நடந்ததைப் பிறகு ஆள் ஆளுக்குச் சொல்லக் கேட்டேன். முதலில் பார்த்தது டீக்கடைக்காரன். சின்ன வயதில் என்னோடு ஆடு மேய்த்தவன். ஊரில் எனக்கு ‘ஏழாம் கிளாஸு’ என்றுதான் பட்டப்பெயர்.

“நம்ம ஏழாம் கிளாஸு பூட்டான்டா,” என்றானாம்.

“சிலுவ போடலியே. வேற வேதத்துக்குப் போயிட்டானா?”

“எங்கெங்கியோ சுத்தினவன். எதுல போனானோ, எங்க போனானோ.”

“நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கமாம். போட்டுக்குது பாரு.”

“பாவம், போவும்போது யாருகிட்டயும் சொல்லலன்னு கூட எழுதிக்கிறாங்க. யாரு செலவு பண்ணாங்களோ, நல்லா இருக்கணும்.”

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை போய்த் துக்க மணி அடித்துவிட்டார். யாரோ பேனரைப் படம் பிடித்து ஊர் குரூப்பில் ‘ஆர்ஐபி’ என்று போட்டுவிட்டார்கள். அது கையிலிருந்து கைக்குப் போய் அனந்தபுரத்தில் அக்கா மகன் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. படத்தில் அடி ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

மறுநாள் காலை எங்கள் வேன் திருப்பத்தில் நின்றது. நான் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினேன். சாமியானா போட்டிருந்தது. நாற்காலிகள் ஒன்று விடாமல் நிறைந்திருந்தன. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும், இத்தனை பேர் இலக்கியத்துக்கு வந்திருக்கிறார்களே என்று மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

டீக்கடைக்காரன் என்னைப் பார்த்தான். கையில் இருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

“டேய், நீ இன்னா வேன்ல வர்ற?”

“பின்ன எதுல வரது?”

“நாங்க ஆம்புலன்ஸுல வருவன்னு பாத்துக்கினு இருக்கோம்.”

சாமியானாக்காரர் எழுந்து வந்தார். “அப்ப ஐஸ் பெட்டி வேணாங்களா? சொல்லி வெச்சிருந்தேன்.”

மேடம் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பையன் பேனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப பேனரைப் பார்த்தான். கண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வேனுக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டார். நான் புத்தகக் கட்டோடு அப்படியே நின்றேன். கோயில்பிள்ளை வந்து என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மணிய அடிச்சிட்டனேப்பா,” என்றார்.

அப்போதுதான் ரோட்டில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்தது. பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பாரி தூரத்திலேயே கேட்டது. அது அனந்தபுரத்து வண்டி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

“ஜல்தியா வேன் பின்னாடி போய் நில்லு,” என்றான் டீக்கடைக்காரன். “டக்குனு பாத்துச்சுன்னா ஒங்கக்காவுக்கு நெஞ்சடச்சிரும்.”

போய் நின்றேன். அவன் குட்டியானைப் பக்கம் ஓடினான். அவன் பேசுவது எனக்குக் கேட்டது.

“அக்கா, அழாதக்கா. ஆளு கீறான்.”

“எங்கடா வெச்சிருக்கீங்க?”

“வெக்கலக்கா. நிக்கிறான். உசுரோட நிக்கிறான். அது சாவு பேனரு இல்லியாம், புக்கு பேனராம்.”

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது. அக்கா வேனைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கலைந்த தலை, கையில் ஒரு பெரிய ரோஜா மாலை. என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

“சட்ட புதுசா?” என்றாள்.

“சங்கத்துல எடுத்துக் குடுத்தாங்கக்கா.”

“நேத்துலேர்ந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கலடா நானு.” மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “இத இன்னா பண்றது இப்போ?”

“உசுரோட கீறவனுக்குப் போடக் கூடாது,” என்றார் கோயில்பிள்ளை. “வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கினும் போவக் கூடாது.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “வாடா,” என்று முன்னால் நடந்தாள்.

கோயிலுக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். அம்மாவுடைய மேட்டில் சிமெண்ட் சிலுவை வைத்திருந்தாள். சுற்றிலும் புல் மண்டிக் கிடந்தது.

“இங்கதான். சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தோம்.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“தெரியாதுன்னு தெரியும். அதுக்காவ நான் யாரு மேலதான்டா கோவப்படறது?”

மாலையைச் சிலுவையில் போட்டாள். நான் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினேன். அவளும் உட்கார்ந்து பிடுங்கினாள். மேடு சுத்தமானதும் எழுந்து வந்தோம்.

சங்கத்தின் எந்த வெளியீட்டுக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. சாவுக்கு வந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டாயிற்று, வண்டி பிடித்து வந்தாயிற்று, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று இருந்துவிட்டார்கள். நாங்கள் கொண்டு போன எலுமிச்சம் சாதம் போதவில்லை. டீக்கடைக்காரன் டீயும் பொறையும் கொடுத்துச் சமாளித்தான். முன்வரிசையில் காலியாக விட நினைத்த நாற்காலியில் யாரோ ஒரு தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்து, அதில் அக்காவை உட்கார வைத்தார் மேடம்.

முதல் பிரதியை அக்கா வாங்கினாள். அஞ்சாவது வரை படித்தவள். கோயில்பிள்ளையின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். அம்மா வரும் இடத்தைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. கிடைத்ததும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். நடவு இல்லாத ஒரு மாதத்தில் அம்மா எங்கிருந்தோ கேப்பை வாங்கி வந்து கூழ் காய்ச்சி, எங்கள் இருவருக்கும் ஊற்றிவிட்டு, தானும் ஒரு சொம்பு குடித்துப் படுத்த கதை அது.

வாசித்து முடித்தவள் புத்தகத்தை மூடவில்லை.

“இது இப்படி இல்லடா. அம்மா அன்னிக்குக் குடிக்கல. நம்ம ரெண்டு பேருக்குதான் ஊத்துச்சு. சட்டியக் கழுவி அந்தத் தண்ணியத்தான் குடிச்சுது. நீ தூங்கிட்ட.”

சங்கத்தின் முறைப்படி எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறக்கவில்லை.

“அடுத்த பதிப்புல திருத்திடலாம்மா,” என்றார் மேடம்.

அக்கா அந்தப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். “வேணாங்க. குடிச்சதாவே இருக்கட்டும்.”

இத்தனை வருடமாக நான் எழுதியதையெல்லாம் அந்தச் சங்கத்தில் ஆள் ஆளுக்கு வாசித்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குத்தான் எதற்காக வேறொருவரை வாசிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது பையன் பேனரை அவிழ்த்துக் கிழிக்கப் போனான். வெட்கத்தில் அவன் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“கிழிக்காதப்பா,” என்றாள் அக்கா. “எங்க ஆட்டுக் கொட்டாய் ஒழுவுது. மேல போட்டா ரெண்டு மழைக்குத் தாங்கும்.” சுருட்டிக் குட்டியானையில் போட்டுக்கொண்டாள். பையன்தான் தூக்கிக் கொடுத்தான். “நல்ல வேல பண்ணப்பா நீ,” என்று அவனிடம் சொல்லிவிட்டு ஏறினாள். அவள் கிண்டல் செய்கிறாளா என்று அவன் என்னைக் கேட்டான். இல்லை என்றேன்.

இப்போது சங்கத்தில் எந்த பேனர் போட்டாலும் அச்சுக்குப் போகுமுன் அதை என் ஊர் டீக்கடைக்காரனுக்கு அனுப்பிக் கேட்கிறார்கள். “சாவு மாதிரி இல்ல, அடிங்க,” என்று அவன் பதில் போட்ட பிறகுதான் அடிக்கிறார்கள்.

நான் இன்னும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆனால் எங்கே போவதானாலும் அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். அனந்தபுரம் போனால் ஆட்டுக் கொட்டகையில்தான் கட்டிலைப் போட்டுக்கொள்வேன். மூங்கிலுக்கு மேல் என் முகம் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். தாடிப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஒழுகுகிறது. அடுத்த புத்தகத்துக்குப் பெரிய பேனராகப் போடச் சொல்லி அக்கா என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.